கணினியின் நினைவும் வலுவும்

(எமது சங்க மண்டபத்தில் இளைஞர் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)





இன்றைய பேச்சின் பொருள் இன்னதென்று தலைவர் அறிவித்தபோது, முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்முறுவல் பூத்ததைக் கண்டேன். விளையாட்டுக் கணினி ஒன்றுக்குக் குறைந்த செலவில் ராமும் பவர் சப்ளையும் மாற்றுவது எப்படி என்பது ஒரு மேடையில் பேசத்தக்க விஷயமோ என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணத்தை நான் குறைகூறமாட்டேன். ஆயினும், கடந்த சில ஆண்டுகளாக என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வரும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் என்னிடம் கேட்கும் கேள்வி இதுவே. விளையாட்டுக்கென்று அவர்கள் கேட்கும் அதே கணினியிலேதான் உயர்தரப் பரீட்சைப் பாடத்தைப் படிக்கிறார்கள். கனடாவிலிருக்கும் தமையனோடு முகம் பார்த்துப் பேசுகிறார்கள். தகப்பனார் பத்திரிகை வாசிப்பதும் அதிலேதான். அதற்குச் செலவாகும் பணமோ தோட்டத்து மிளகாயும் வெங்காயமும் விற்ற பணம். அல்லது கடல் கடந்த உறவினர் குளிரிலே உழைத்து அனுப்பிய பணம். அந்தப் பணம் அறியாமையினால் புகையாகப் போகலாமா? அது போவதை நான் கண்ணாற் கண்டவன். அப்படிப் போவதற்கு நானே காரணமாகவும் இருந்தவன். அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இன்று நான் சொல்லப்போவது முழுவதும் அந்த ஒரு பழமொழியின் விரிவுரையே என்று கொள்ளுங்கள். அளக்காமல் வாங்குகிறவன் இருமுறை வாங்குகிறான்.

முதலிலே நினைவகத்தைப் பார்ப்போம். கடைக்காரர் ராம் என்று சொல்வது இதனைத்தான். இதன் வேலையை விளங்கிக்கொள்ள நமது சுன்னாகம் சந்தைக்குப் போனாற் போதும். மரக்கறி வியாபாரி ஒருவர் தம் முன்னே சாக்கு விரித்துக் கத்தரிக்காயும் பயிற்றங்காயும் குவித்து வைத்திருக்கிறார். மிகுதிச் சரக்கு பின்னாலே கிடங்கில் இருக்கிறது. கேட்ட பொருள் சாக்கிலே கிடந்தால் நிமிஷத்தில் நிறுத்துக் கொடுத்துவிடுவார். இல்லையேல் கிடங்குக்கு ஓடித் திரும்ப வேண்டும். வந்தவர் காத்து நிற்பார். கணினியில் அந்தச் சாக்குத்தான் நினைவகம். கிடங்குதான் வன்தட்டு. வியாபாரியின் கைதான் கணிக்கும் சில்லு. சாக்கு சிறியதானால் கை எவ்வளவு விரைவானதாயினும் பயனில்லை.

எத்துணை வேறுபாடு என்பதை எண்ணாற் சொல்கிறேன். டிடிஆர்4 வகையிலே 3200 என்று குறிக்கப்பட்ட நினைவகம் ஒரு வழியாக நொடிக்கு 25 கிகாபைற்றுக்கு மேல் கொடுக்கவல்லது. சுழலும் வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபைற்றுத்தான் கொடுக்கும். நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. விளையாட்டின் நடுவே படம் திடீரென்று விறைத்து நின்று, பின் துள்ளி ஓடுகின்றதே, பல வேளைகளில் அது வியாபாரி கிடங்குக்கு ஓடுகிற நேரம்.

பல வேளைகளில் என்றேனேயன்றி, எல்லா வேளையிலும் என்று சொல்லவில்லை. இங்கேதான் அளத்தல் வருகிறது. காசு கொடுத்து வாங்குமுன் காசில்லாமற் செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. விளையாட்டை ஓடவிட்டுக்கொண்டு, கொன்ட்ரோல், ஷிவ்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ரஸ்க் மனேஜர் திறக்கும். அதிலே நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காணலாம். அது நூற்றுக்குத் தொண்ணூறைக் கடந்து நிற்க, வன்தட்டும் ஓயாமல் உழைக்குமாயின், உங்களுக்கு நினைவகம் போதாது. நினைவகத்திற் பாதி வெறுமையாய் இருக்க, படம் வரையும் கிராபிக்ஸ் காட் மாத்திரம் நூற்றுக்கு நூறு உழைக்குமாயின், நீங்கள் எத்தனை ராம் வாங்கிப் போட்டாலும் ஒரு மாற்றமும் காணமாட்டீர்கள். தலையிடிக்குக் காலிலே தைலம் பூசியது போலாகும்.

அந்தத் திரையிலேயே இன்னும் மூன்று செய்திகள் உண்டு: இப்போதிருக்கும் நினைவகத்தின் வேகம், எத்தனை துளைகளில் எத்தனை நிரம்பியுள்ளன, அவை எந்த வடிவின என்பன. இவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். டிடிஆர்3 துளையில் டிடிஆர்4 ஏறாது. டிடிஆர்4 துளையில் டிடிஆர்5 ஏறாது. ஒவ்வொன்றுக்கும் வெட்டு வேறிடத்திலே இருக்கிறது, மின்னழுத்தமும் வேறு. டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ற்று; டிடிஆர்4 கேட்பது 1.2, டிடிஆர்5 கேட்பது 1.1. ஏறாததைப் பலவந்தமாக அழுத்தித் தாய்ப்பலகையை உடைத்த பிள்ளையை எனக்குத் தெரியும். பெயர் சொல்லேன், இங்கேதான் இருக்கிறார்.

எட்டு கிகாபைற் உள்ள கணினியைப் பதினாறாக்குவதே இன்றைய நிலையிற் பெரும்பாலோருக்குப் பலன் தரும் படி. அதற்கு மேற்பட்டால், படத்தொகுப்பு முதலிய வேலை செய்வோருக்கும் மிகப் புதிய சில விளையாட்டுகளுக்கும் மாத்திரமே பயன். பதினாறு வேண்டுமென்றால் ஒரே பதினாறாக வாங்குவதிலும் இரண்டு எட்டாக வாங்குவது மேல். இரண்டு தகடுகளை உரிய துளைகளில் இட்டால் இரண்டு வாய்க்காலில் நீர் பாய்வதுபோலத் தரவு இரு வழியாகப் பாயும். தனிக் கிராபிக்ஸ் காட் இல்லாமல், சில்லினுள்ளே அடங்கிய படக்கருவியை நம்பியிருக்கும் கணினிகளுக்கு இதனால் வரும் நன்மை மிகப் பெரிது. ஏனெனில் அந்தப் படக்கருவி இரவல் வாங்குவது இந்த நினைவகத்திடமே. நான்கு துளையுள்ள பலகைகளிற் பெரும்பாலும் சில்லிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமே உரிய துளைகள். ஆயினும் பலகையின் கைந்நூலைப் பார்த்து நிச்சயப்படுத்துக.

வேறொரு செலவில்லா இலாபமும் உண்டு. 3200 என்று எழுதிய ராமை வாங்கிப் போட்டுவிட்டு, அது 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருப்பதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பவர் பலர். எக்ஸ்எம்பி என்னும் அமைப்பைப் பயோஸிலே நாமாகத் திறந்துவிட வேண்டும். பலகை இடங்கொடுத்தால், ஒரு சதமும் செலவில்லாமல் வேகம் கூடும். வெவ்வேறு வேகமுள்ள இரண்டு தகடுகளை ஒன்றாக இட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே நடக்கும். மாட்டு வண்டியிற் பூட்டிய இரண்டு காளைகளிற் கிழட்டுக் காளையின் நடையே வண்டியின் நடை.

விலையைப் பற்றியும் ஒரு சொல். நினைவகம் மலிந்துகொண்டே போகும், பொறுத்து வாங்கலாம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தோம். 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்தக் கணக்குப் பிழைத்தது. செயற்கை நுண்ணறிவுக்கென்று உலகெங்கும் எழும்பும் பெரிய தரவு நிலையங்கள் நினைவுச் சில்லுகளை வாரிக்கொள்ளத் தொடங்கியதால் விலை விரைந்து ஏறியது. அமெரிக்காவின் மைக்ரோன் நிறுவனம், குருஷல் என்னும் பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்கும் தொழிலை விட்டுவிடுவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. எங்கோ நடக்கும் போட்டியின் விலையைச் சுன்னாகத்துப் பிள்ளையும் கொடுக்க நேரிடுகிறது. ஆதலின், பாவித்த ராமை வாங்குவது இன்று வெட்கப்படத்தக்க காரியமன்று. நினைவகத்திலே சுழலும் உறுப்பு எதுவும் இல்லாதபடியால், பாவித்த பொருள்களில் அது நம்பத்தக்கது. ஆயினும், வாங்கிய அன்றிரவே மெம்ரெஸ்ற்86 என்னும் இலவசச் சோதனையை ஓடவிட்டுவிட்டு உறங்கப் போங்கள். காலையில் ஒரு பிழையேனும் காட்டுமானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒரு பிழைதானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு பிழை உங்கள் பரீட்சைக் கட்டுரையின் நடுவிலே விழலாம்.

மிகப் பழைய கணினி வைத்திருப்போர் ஒன்றை எண்ண வேண்டும். விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. டிடிஆர்3 காலத்துக் கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அவற்றிற்கு நினைவகம் வாங்கத்தான் வேண்டுமாயின் மலிவான பாவித்த தகடு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒழுகும் கூரைக்குச் சலவைக்கல் தளம் எதற்கு?

இனி வலுவைப் பற்றிப் பேசுகிறேன். நினைவையும் வலுவையும் ஒரே பேச்சிலே சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கணினியின் நினைவகம் என்பது உண்மையில் ஓட்டைக் குடங்களின் வரிசை. 1960களின் பிற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்திலிருந்த றொபேட் டெனாட் என்னும் அறிஞர் அமைத்த வழியில், ஒவ்வொரு சிறு துணுக்குச் செய்தியும் ஒரு கொள்ளளவியில் மின்னேற்றமாக நிற்கிறது. அந்த ஏற்றம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகையால் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், எல்லாக் குடங்களையும் மீள நிரப்ப வேண்டும். மின் நின்றால் நினைவும் நின்றது. நினைவு வாழ்வது வலுவினால் என்பது இங்கே உவமையன்று, உள்ளபடியான செய்தி.

சுன்னாகத்து மக்களுக்கு மின்சாரத்தின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நமது ஊர்ப் பெயரைச் சொன்னால் யாழ்ப்பாணத்தார் நினைப்பவை இரண்டு: ஒன்று சந்தை, மற்றொன்று மின்சார நிலையம். அந்த நிலையம் இருந்த ஊரிலேயே 1990களில் ஆண்டுக்கணக்கில் இருளில் இருந்தோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்ட விளக்கிலே படித்த தலைமுறை இங்கே முன்வரிசையில் இருக்கிறது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையாற் சில்லைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டவர்களும் இருக்கிறார்கள். பின்னர் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் நமது கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும், அது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்ததையும் மறந்தவர் இல்லை. 2022 மார்ச் மாத முடிவில் நாடெங்கும் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின் தடைப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். இலங்கையை ஒரு குரங்கு கலக்கியது இது முதன்முறையன்று என்று அன்று என் அயலவர் ஒருவர் சொன்னார்.

இப்படிப்பட்ட மின் வரும் ஊரிலே, சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றை வாங்கி, கணினி கேட்கும் 12, 5, 3.3 வோல்ற்றுகளாக மாற்றிக் கொடுக்கும் கருவியே வலு வழங்கி. பவர் சப்ளை என்பது இதுதான். கணினியின் வேறெந்த உறுப்புப் பழுதானாலும் பெரும்பாலும் அது தனியே சாகும். இது பழுதானால் மற்றவற்றையும் உடன்கொண்டு போகவல்லது. இதை நான் புத்தகத்திற் படித்து அறிந்தவனல்லன்.

என் தமக்கையாரின் மகனுக்குக் கனடாவிலுள்ள சிற்றப்பா ஒருவர், தாம் பாவித்த ஜிடிஎக்ஸ் 1060 என்னும் கிராபிக்ஸ் காட் ஒன்றை வருவோர் கையிற் கொடுத்தனுப்பினார். வீட்டிலிருந்ததோ அலுவலகம் ஒன்றிலிருந்து கழித்து விற்கப்பட்ட பழைய கணினி. அதிலிருந்த வலு வழங்கியில் 275 வாற்று என்று எழுதியிருந்தது. காட் கேட்ட ஆறுமுள் இணைப்பும் அதில் இல்லை. பிள்ளை கடையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். மேலே பெரிய எழுத்தில் 500 வாற்று என்றிருந்தது. விலையோ நல்ல வழங்கியின் விலையில் மூன்றிலொரு பங்கு.

"மாமா, 500 எண்டு போட்டிருக்கு. காணும்தானே?" என்று கேட்டான்.

நான் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பெரிய எழுத்தைப் பார்த்தேனேயன்றிச் சிறிய எழுத்தைப் பார்க்கவில்லை. "தாராளமாய்க் காணும் தம்பி, மிச்சக் காசுக்கு ராம் வாங்கு" என்றேன். அவன் என் சொல்லை நம்பினான்.

ஏழு வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மாரி தொடங்கிய ஓரிரவு, விளையாடிக்கொண்டிருந்தபோது வெடியோசை போல ஒன்று கேட்டது. எரிந்த நெடி வீடெங்கும் பரவியது. மறுநாள் நான் போய்த் திறந்து பார்த்தேன். வலு வழங்கி போயிற்று, தாய்ப்பலகை போயிற்று, வன்தட்டின் மின்பலகையும் கருகியிருந்தது. காட் மாத்திரம் தப்பியது. அந்த வன்தட்டிலே எங்கள் தாயார் இறப்பதற்கு முந்திய ஆண்டில் தம் இளமைக்காலத்துச் சுன்னாகத்தைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிய பேச்சு ஒலிப்பதிவாக இருந்தது. பதிவுசெய்த கைத்தொலைபேசியை விற்றுவிட்டார்கள். வேறு பிரதி இல்லை. மீட்க முயன்றோம், முடியவில்லை. தமக்கையார் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேநீர் தந்து அனுப்பினார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபின்தான் அந்தச் சிறிய எழுத்தைப் படித்தேன். 12 வோல்ற்று வரியில் 16 அம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினாறாற் பெருக்கினால் 192. கணினியின் சில்லும் கிராபிக்ஸ் காட்டும் வலு வாங்குவது பெரும்பாலும் இந்த 12 வோல்ற்று வரியிலேதான். சில்லுக்கு 77 வாற்று, காட்டுக்கு 120 வாற்று, இரண்டுமே 197. அதற்கு மேல் விசிறிகளும் வன்தட்டும். ஐந்நூறு என்று விளம்பியது, உண்மையில் இருநூறும் கொடுக்க வலுவற்றது. கழற்றி எறிந்த பழைய 275 அதனிலும் நேர்மையானது.

ஆதலின் இளைஞர்களே, பெட்டியின் மேலுள்ள பெரிய எண்ணை மறவுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். 12 வோல்ற்று வரியில் உள்ள அம்பியரைப் பன்னிரண்டாற் பெருக்குங்கள். நேர்மையாகச் செய்யப்பட்ட 450 வாற்று வழங்கி ஒன்றில் அது 36 அம்பியர் அளவிலே, அதாவது 432 வாற்று அளவிலே இருக்கும். பெருக்கி வந்த தொகை பெரிய எண்ணுக்கு அண்மையில் இருந்தால் செய்தவன் பொய் சொல்லவில்லை என்று ஓரளவு கொள்ளலாம். பாதியும் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் அளக்கலாம். சில்லின் வாற்று, காட்டின் வாற்று, மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்து ஓர் அறுபது: இம்மூன்றையும் கூட்டுங்கள். வந்த தொகையின் மேல் அரைவாசி கூட்டிக்கொள்ளுங்கள். மருமகனின் கணினிக்கு 77, 120, 60 சேர்ந்து 257. அரைவாசி கூட்ட ஏறத்தாழ 385. நல்ல 400 அல்லது 450 அவனுக்குத் தாராளம். 750 வாங்கச் சொல்லுகிறவர் உங்கள் நன்மைக்காகச் சொல்லவில்லை.

எயிற்றி பிளஸ் என்னும் முத்திரையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சுவரிலிருந்து எடுக்கும் மின்னில் எவ்வளவைக் கணினிக்குக் கொடுக்கிறது என்பதன் அளவு அது. பிரோன்ஸ் முத்திரை அரைச் சுமையில் நூற்றுக்கு 85, கோல்ட் முத்திரை 90 அளவிலாவது கொடுக்கும். இதன் பயனை மின்கட்டணத்திற் கணக்கிட்டுப் பார்ப்போம். விளையாடும்போது கணினி 250 வாற்று கேட்கிறது என்று வையுங்கள். 85இல் சுவரிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 294 வாற்று, 90இல் 278. வேறுபாடு 16 வாற்று. நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடினால் மாதத்தில் ஒன்றரை யூனிற் மிச்சம். அதற்காகக் கடன்பட்டுக் கோல்ட் வாங்க வேண்டியதில்லை, பிரோன்ஸ் போதும். ஆனால் முத்திரையே இல்லாததை வாங்குவது வேறு விஷயம். இன்னுமொன்று: இந்த முத்திரை சிக்கனத்துக்குச் சான்றேயன்றிப் பாதுகாப்புக்கு முழுச் சான்றன்று. மின்னழுத்தம் மிகுந்தாலும், ஓட்டம் மிகுந்தாலும், கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டாலும் தானே நின்றுவிடும் காப்பு உள்ளதா என்று பாருங்கள். எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேளுங்கள். ஐந்தாண்டு உத்தரவாதம் கொடுப்பவன் தன் பொருளைத் தானே நம்புகிறான்.

உள்ளீடு என்னும் வரியையும் பார்க்க வேண்டும். 100 முதல் 240 வோல்ற்று என்றிருந்தால், மாலையில் அயலிலே நீர் இறைக்கும் இயந்திரங்கள் ஓடி வெளிச்சம் மங்கும்போதும் அது தாங்கும். பழைய வழங்கிகள் சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று ஒரு சிவப்பு ஆளி உண்டு. அது 115இல் இருக்க நமது சுவரிற் செருகினால் அந்தக் கணமே வெடிக்கும்.

ஊரிலே விற்கும் கழித்த அலுவலகக் கணினிகளை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றிற் சிலவற்றின் வலு வழங்கி தனி அளவும் தனி இணைப்பும் உடையது. கடையில் விற்கும் பொது வழங்கி அதனுள் அடங்காது. வாங்குமுன் மூடியைத் திறந்து, தாய்ப்பலகைக்குச் செல்லும் பெரிய இணைப்பில் இருபத்துநான்கு முள் உண்டா என்று எண்ணுங்கள். இல்லையாயின், தனி இணைப்புக் கேட்காத, 75 வாற்றுக்குள் அடங்கும் காட்டைத் தேடுங்கள். தாய்ப்பலகையின் துளையே அந்த 75 வாற்றைக் கொடுத்துவிடும். அதற்கும் பழைய வழங்கியின் 12 வோல்ற்று வரி இடங்கொடுக்கிறதா என்று மேற்சொன்னபடி பெருக்கிப் பாருங்கள். இதுவே மிகக் குறைந்த செலவு.

செய்யத்தகாதவை மூன்றைச் சொல்கிறேன். வலு வழங்கியின் பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். செருகியைக் கழற்றிய பின்னும் உள்ளிருக்கும் கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கலாம். ஒரு வழங்கியின் கழற்றும் கம்பிகளை வேறொரு வழங்கியிற் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே ஒழுங்கு மாறியிருக்கும். வன்தட்டு அந்த நொடியே கருகும். மூன்றாவது, நிலத்தொடுப்பு இல்லாத மலிவான இடைச்செருகியில் கணினியை ஓட்டாதீர்கள். இடி முழங்கும்போது ஆளியை நிறுத்தினாற் போதாது, செருகியையே கழற்றிவிடுங்கள், இணையக் கம்பியையுந்தான்.

யூபிஎஸ் வாங்குவோரும் சிறிய எழுத்தைப் படியுங்கள். 650 விஏ என்றிருப்பது 650 வாற்று அன்று; பெரும்பாலும் 360 முதல் 400 வாற்றுத்தான். அது விளையாடுவதற்கன்று, எழுதியதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கு.

இவ்வளவும் கேட்டபின், கையிலே காசு கொஞ்சமாக உள்ள ஒருவர் எந்த ஒழுங்கில் நடக்க வேண்டும்? முதலிலே காசில்லாதவற்றைச் செய்யுங்கள்: முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி எடுங்கள், தூசியைத் துடையுங்கள், ரஸ்க் மனேஜரில் அளந்து பாருங்கள், எக்ஸ்எம்பி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, புதிய காட் வருமானால் வலு வழங்கியை முதலில் மாற்றுங்கள், அதிலே சிக்கனம் பிடிக்க வேண்டாம், பாவித்ததும் வேண்டாம். மூன்றாவது, அளவு காட்டினால் நினைவகம். அதிலே பாவித்ததை வாங்கி மிச்சம் பிடியுங்கள். நினைவகத்தைத் தவறாக வாங்கினால் அந்தக் காசு மாத்திரம் போகும். வலு வழங்கியைத் தவறாக வாங்கினால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாகச் சங்கத்துப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். நல்ல வலு வழங்கி ஒன்றையும், டிடிஆர்3, டிடிஆர்4 வகைகளில் இரண்டிரண்டு நினைவகத் தகடுகளையும் சங்கம் வாங்கி அலுமாரியிலே வைத்திருக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் பிள்ளைகள் தத்தம் கணினியை இங்கே கொண்டுவரட்டும். சங்கத்துப் பொருளைப் பூட்டிப் பார்த்து, உண்மையிலே எது போதாது என்று அறிந்துகொண்டு, பிறகு கடைக்குப் போகட்டும். ஊகித்து வாங்கும் செலவு இதனால் எத்தனையோ வீடுகளுக்கு மிஞ்சும். மூடியைத் திறந்து பார்க்கப் பழகிய கை நாளை ஒரு தொழிலையும் கற்றுக்கொள்ளும். அந்த ஞாயிறுகளில் வந்து நிற்பதற்கு நான் ஆயத்தம்.

மருமகன் இப்போது வேறொரு கணினி வைத்திருக்கிறான். அதற்கு வலு வழங்கி வாங்கும்போது என்னைக் கேட்கவில்லை. வாங்கியபின் கொண்டுவந்து காட்டினான். பக்கத்து அட்டவணையில் 12 வோல்ற்று வரியின் கீழே பேனையாற் கோடிட்டிருந்தான். "மாமா, பெருக்கிப் பாத்தனான்" என்றான். நானும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.